வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொன்னால் அது விசுவாசக் குறைவா?

#1 கோலிவாடா_வீடு
திங்கள், இரவு 11:42

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு வருஷமாக இங்கே வாசிக்கிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறோம். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். என் வீட்டுக்காரர் ஒரே கார்மெண்ட் யூனிட்டில் 14 வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தார். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, ஆர்டர் இல்லை, திங்கட்கிழமையிலிருந்து யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்தார், அதோடு சரி. இப்போது மூன்று மாதம் ஆகப்போகிறது. இவர் தினமும் காலையில் பழைய நேரத்துக்கே டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வேலை தேடத்தான் போகிறார், பொய் சொல்லவில்லை, ஆனால் டப்பா எதற்கென்றால் பக்கத்து ரூம்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. சில நாள் அந்த டப்பாவில் ஒன்றும் இருக்காது.

மகள் பன்னிரண்டாவது, மகன் எட்டாவது. ரூம் அக்ரிமெண்ட் ஜனவரியோடு முடிகிறது, ஓனர் வாடகையை ஏற்றுவார். என் செயின் அடகில் இருக்கிறது. கிரானா என்கிற மளிகைக் கடைக் கணக்கு 6,400 ரூபாய். மிச்சம் இருப்பது மகள் காதில் கிடக்கிற கம்மல் மட்டும்தான்.

சபையில் ஒருவருக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்றால், செப்டம்பரில் ஒருநாள் எங்கள் வீட்டு ஜெபக் குழுவை நடத்துகிற அக்காவிடம் பேச்சை ஆரம்பித்தேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, குறைவை வாயால் அறிக்கை செய்யாதே, சொன்னால் அதுதான் பலிக்கும், மனுஷன்மேல் நம்பிக்கை வைக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று எரேமியா 17-ல் இருக்கிறது, தேவனிடம் மட்டும் சொல் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நல்ல மனுஷி. அன்றைக்கு மூடிய வாயை நான் இன்னும் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சபையின் மாதச் சந்தாக் கவரில் வைக்கப் பணம் இல்லாமல் பக்கத்து ரூமில் 300 ரூபாய் கைமாற்று வாங்கி வைத்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் ராத்திரி மகன் கேட்கிறான், "அம்மா, எலியா காகத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்த மாதிரி நாமளும் காத்துக்கிட்டு இருக்கமா?" பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசிக்குக் காகங்கள் சாப்பாடு கொண்டுவந்த பாடத்தை ஞாயிறு பள்ளியில் நடத்தினார்களாம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் கேட்பது இதுதான். தேவன் பார்த்துக்கொள்வார் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். நம்புகிறவள் மனிதரிடம் வாயைத் திறக்கலாமா, கூடாதா?


#2 குர்லா_லோக்கல்
செவ்வாய், காலை 6:15

சிஸ்டர், கர்த்தர் நல்லவர்! கவலையே படாதீர்கள். நீங்கள் செய்தது சரி, வாயைக் காத்துக்கொண்டது பெரிய விஷயம். உங்கள் மகன் எலியாவைச் சொன்னானே, அடுத்த பகுதியை வாசியுங்கள், 1 இராஜாக்கள் 17. சாறிபாத் விதவையிடம் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான், அதைச் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போக இருந்தாள். அப்படியும் முதலில் எலியாவுக்கு ஒரு அடை சுட்டுக் கொடுத்தாள். அதனால்தான் பானையில் மாவு தீரவில்லை. கடைசியாக மிச்சம் இருப்பதைக் காணிக்கையாக விதையுங்கள். நான் 2019-ல் வேலையில்லாமல் இருந்தபோது கையில் இருந்த கடைசி 2,000 ரூபாயைக் காணிக்கை போட்டேன், 11 நாளில் ஆஃபர் லெட்டர் வந்தது. இது என் சொந்தச் சாட்சி, யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை.


#3 மாஹிம்_புதன்
செவ்வாய், காலை 7:02

சகோதரி, தயவுசெய்து அந்தக் கம்மலைக் கழற்றாதீர்கள். நைட் டூட்டி முடிந்து ரயிலில் இருக்கிறேன், வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து விவரமாக எழுதுகிறேன். அதற்குள் இதை மட்டும் சொல்லத் தோன்றியது.


#4 தொண்ணூறடி_ரோடு
செவ்வாய், காலை 10:30

தங்கச்சி, நான் 1977-ல் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவன். உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அந்த டிபன் டப்பாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு மேல் கொஞ்ச நேரம் வாசிக்க முடியவில்லை.

1982 ஜனவரி 18-ம் தேதி பம்பாய் மில் ஸ்டிரைக் தொடங்கியது. 60-க்கும் மேற்பட்ட மில்கள், இரண்டரை லட்சம் தொழிலாளிகள். நான் நெசவாளி இல்லை, பரேல் பக்கம் ஒரு மில்லின் கேண்டீனில் வேலை. மில் ஓடினால்தானே கேண்டீன் ஓடும். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்றார்கள், இரண்டு மாதம் என்றார்கள், அது முடியவே இல்லை, எத்தனையோ பேர் கொங்கணத்துக்கும் சாத்தாராவுக்கும் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். எனக்கு அப்போது மூத்த மகள் ஒரு வயசுப் பிள்ளை. நீ சந்தாக் கவருக்குக் கடன் வாங்கினாய் என்றாய். நான் அந்த வருஷம் மே மாதம் 50 ரூபாய் கடன் வாங்கி ஊரில் அம்மாவுக்கு மணியார்டர் அனுப்பி, ‘இங்கே யாவரும் நலம்’ என்று எழுதினேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். பக்கத்து ரூம் மாவ்ஷி, மராத்தியில் சித்தி என்று அர்த்தம். சாத்தாராக்காரி, அவள் புருஷனும் ஸ்டிரைக்கில்தான் இருந்தார். கையில் ஒரு டின் நிறையச் சோளமாவு. அவளுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? அந்தக் காலத்துச் சாலில், அதாவது வரிசை ரூம் குடியிருப்பில், நடுவே ஒற்றைப் பலகைதான் சுவர். எங்கள் பம்பு ஸ்டவ் சத்தம் இரண்டு நாளாகக் கேட்கவில்லை. அதை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். கிராமத்திலிருந்து அவர்களுக்குத் தானியம் வந்திருந்தது, அதில் பாதியைத் திரித்துக் கொண்டுவந்திருக்கிறாள். என் வீட்டுக்காரிக்குச் சோளமாவில் என்ன செய்வது என்று தெரியவில்லை. மாவ்ஷியே உட்கார்ந்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, கையில் தண்ணீர் தொட்டுத் தட்டி பாக்ரி, அதாவது சோள ரொட்டி, போடச் சொல்லிக்கொடுத்தாள். முதல் பாக்ரி நடுவில் பிய்ந்து போனது. அதைத்தான் என் மகள் சாப்பிட்டாள்.

இப்போது உன் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பையனிடம் சொல்லு, காகம் ரொம்ப நாள் வரவில்லை. கேரீத் ஆறு வற்றிப் போயிற்று, வேதத்திலேயே இருக்கிறது, மழை இல்லாததால் வற்றிப்போயிற்று. தீர்க்கதரிசி குடித்த ஆறும்தான் வற்றியது. அப்புறம் ஆண்டவர் வேறு காகத்தை அனுப்பவில்லை. அவனை ஒரு மனுஷியிடம் அனுப்பினார். அதுவும் சீதோன் நாட்டுக்காரி, வேற்று ஜாதி, வேற்று பாஷை, தன் வீட்டிலேயே ஒன்றும் இல்லாதவள். எலியா போய் என்ன செய்தான்? வாயைத் திறந்து கேட்டான். முதலில் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டான், அவள் எடுக்கப் போகும்போது பின்னால் கூப்பிட்டு, கொஞ்சம் அப்பமும் கொண்டுவா என்றான். அவனைவிடப் பெரிய விசுவாசியா நீயும் நானும்?

நான் சாறிபாத் கதையைக் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மாள் மாவ்ஷி முகத்தோடுதான் எனக்குத் தெரிவாள். குர்லாத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், நீ அந்தக் கதையில் தங்கச்சியை விதவை இடத்தில் நிறுத்தினாய். அவள் எலியா இடத்தில் நிற்கிறாள். நீயும் நானும்தான் மாவு பிசைய வேண்டியவர்கள்.


#5 நெல்லைத்_திண்ணை
செவ்வாய், பிற்பகல் 1:20

முதலில் எரேமியா. அந்த வசனத்தை முழுசாக வாசித்தவர்கள் குறைவு. 17:5-ல் மூன்று பகுதி இருக்கிறது: ‘மனுஷன்மேல் நம்பிக்கைவைத்து, மாம்சமானதைத் தன் புயபலமாக்கிக்கொண்டு, கர்த்தரை விட்டு விலகுகிற இருதயமுள்ள மனுஷன் சபிக்கப்பட்டவன்.’ கர்த்தரை விட்டு விலகுகிற இருதயம் என்பதுதான் சாபத்தின் காரணம். பக்கத்து வீட்டில் அரை கிலோ அரிசி கேட்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. சபையில் பாதி வசனத்தைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேரை ஊமையாக்கி வைத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனிதரிடம் கேட்காமலே தேவனிடம் மட்டும் கேட்டு வாழ்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள், அவர்கள் பொய்க்காரர்கள் இல்லை. ஜார்ஜ் முல்லர் 1836-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார், யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட தீர்மானம், அவர் காலத்திலேயே 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். நம் ஊர்ப் பக்கமே டோனாவூர் இருக்கிறதே. எமி கார்மைக்கேல் அம்மையார் 1901-லிருந்து அங்கே பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார், அவரும் நன்கொடை கேட்டு அலைந்தவர் இல்லை. 1951-ல் இறந்தபோது கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றிருந்தார், அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் எங்கள் அப்பா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ‘ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்’ என்ற வசனத்தை எங்கே வாசித்தாலும் எனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகம் வரும்.

ஆகவே கேட்காமல் காத்திருப்பதும் ஒரு வழி என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் அது கட்டளையா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.


#6 தானே_கணக்கு
செவ்வாய், மாலை 6:48

நெல்லை அண்ணன் கேட்ட கடைசிக் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முல்லர் கேட்கவில்லை, சரி. ஆனால் ஒளிக்கவும் இல்லை. வருஷா வருஷம் வரவு செலவை அச்சடித்து வெளியிட்டார். எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று ஊருக்கே தெரியும். நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவன், அதனால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. இங்கே நம் பக்கத்திலேயே பண்டித ரமாபாய் இருந்தார். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறபோது புனே தாண்டிக் கேட்காவ் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பெயர்ப் பலகை தெரியும், ஆதரவில்லாத பெண்களுக்காக அவர் தொடங்கின முக்தி மிஷன் அங்கேதான். அவரும் முல்லரின் வாழ்க்கையை வாசித்து எழும்பினவர்தான். 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய்ப் பட்டினியில் கிடந்த பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். முழங்காலிலும் நின்றார், கிணறும் வெட்டினார். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்.

அக்கா, உங்களுக்கு நான் காட்ட நினைப்பது 2 இராஜாக்கள் 4. புருஷன் செத்துப்போன ஒரு பெண், கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வந்திருக்கிறான். அவள் ஊமையாக இருக்கவில்லை, எலிசா தீர்க்கதரிசியிடம் போய்க் கூக்குரலிட்டாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் தவிர ஒன்றும் இல்லை என்றாள். குறைவை அப்படியே வாயால் சொன்னாள், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்புறம் எலிசா சொன்னது: அயல்வீட்டுக்காரர் எல்லாரிடமும் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, அதுவும் கொஞ்சமாக வாங்காதே. யோசித்துப் பாருங்கள். வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டுக் காலி அண்டா இருந்தால் கொடுங்கள் என்று கேட்டால், அன்று ராத்திரிக்குள் தெருவுக்கே தெரிந்துவிடாதா அவள் நிலைமை? எண்ணெய் ஊற்றும்போதுதான் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னார். குறைவு தெருவில் நடந்தது, அற்புதம் பூட்டின கதவுக்குள்ளே நடந்தது. நம் சபைகளில் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். அற்புதத்துக்கு மைக் கொடுக்கிறோம், குறைவைப் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழ வைக்கிறோம்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் அண்ணனிடம் சொல்லுங்கள். 14 வருஷம் ஒரே இடத்தில் வேலை செய்தவருக்கு கிராஜுவிட்டி, அதாவது வேலை முடியும்போது முதலாளி கொடுக்க வேண்டிய பணிக்கொடை, உண்டு. 1972-லிருந்தே சட்டப்படி இருக்கிற உரிமை இது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடம், 5 வருஷமோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை என்றால் முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். கணக்கு இதுதான்: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை எத்தனை வருஷமோ அத்தனையால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு 22,000 என்று வைத்தால் 14 வருஷத்துக்கு ஏறக்குறைய 1,77,700 ரூபாய் வருகிறது. 30 நாளைக்குள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் முதலில் எழுதிக் கேட்க வேண்டும், கேட்டதற்கு ஒரு நகல் கையில் இருக்க வேண்டும், அப்புறம் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். பி.எஃப். பிடித்தார்களா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கம், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

இதில் ஆவிக்குரிய விஷயம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் எல்லார் முன்னாலும் நின்று, எங்கள் அப்பாவின் பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மோசே அதை ஆண்டவரிடம் கொண்டுபோனார், அவர்கள் பேசுவது சரிதான் என்றார் ஆண்டவர். தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டவர்களைப் பார்த்துச் சொன்னது அது.


#7 குர்லா_லோக்கல்
செவ்வாய், இரவு 9:10

தொண்ணூறடி ஐயா, கோபம் இல்லை. ஆனால் நான் சொன்னதும் வசனம்தானே. கொடுத்தவர்களுக்குத்தான் ‘என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்’ என்று பிலிப்பியர் 4:19-ல் பவுல் எழுதினார். எனக்கு நடந்தது பொய்யா?


#8 மாஹிம்_புதன்
செவ்வாய், இரவு 10:25

பொய் இல்லை தம்பி. உனக்கு நடந்தது உனக்கு நடந்தது, அதற்காக நானும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். என்னுடையதையும் கேள்.

நான் கத்தோலிக்கப் பெண், நர்ஸ். மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்தில் புதன்கிழமை நவநாள் செபத்துக்கு எத்தனையோ வருஷமாகப் போகிறேன். மெழுகில் செய்த வீடு, மெழுகில் செய்த குழந்தை என்று ஒவ்வொருவரும் கேட்பதைக் கையில் ஏந்திக்கொண்டு வருவார்கள், எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போனபோது நான் விடாமல் போனேன். விற்க முடிந்ததை விற்றேன். ஒரு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் விதைக்கச் சொன்னார், வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். உன் வயதில் எனக்கிருந்த அதே விசுவாசம்தான் தம்பி, குறைச்சல் இல்லை. 2017-ல் அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், உன் விசுவாசம் இன்னும் கொஞ்சம் உறுதியாக இருந்திருக்கலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் கோவிலுக்கே போகவில்லை.

அதனால்தான் காலையில் அந்தக் கம்மல் விஷயம் பொறுக்காமல் எழுதினேன். நான் வேலைக்குப் போகிற வழியில் பரேல் டாடா மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் போவேன். பீகார், வங்காளம், எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் நடைபாதையில் அடுப்பு வைத்து கிச்சடி கிண்டிக்கொண்டிருக்கும். தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலையில் இடம் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்கள் எல்லாரும் செபிக்கிறார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செபிக்கிறவளிடம் போய் உன் விசுவாசத்தின் அளவு என்ன என்று கேட்க எனக்கு வாய் வராது.

பிலிப்பியர் வசனத்தைச் சொன்னாயே, அது எங்கிருந்து எழுதப்பட்டது? சிறையிலிருந்து. பிலிப்பியர்கள் ஒருவர் கையில் உதவி கொடுத்து அனுப்பினார்கள், பவுல் அதை வாங்கிக்கொண்டார், உங்கள் உதவி வந்து சேர்ந்தது என்று எழுதினார். குறைவுபடவும் தெரியும், பசியாயிருக்கவும் தெரியும் என்று அதே அதிகாரத்தில் எழுதுகிறார். பசியே வராது என்று எழுதவில்லை.

என் கணவரை ஆண்டவர் எனக்குத் திருப்பித் தரவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முப்பதாம் நாள் பூசை வரை எங்கள் பங்கிலிருந்து நான்கு பெண்கள் முறை வைத்து ராத்திரி என் வீட்டில் வந்து படுத்தார்கள். ஒருத்தியும் அறிவுரை சொல்லவில்லை. ஒருத்தி பால் பாக்கெட் வாங்கி வருவாள், ஒருத்தி என் மகனைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். எட்டு மாதம் கழித்து நான் திரும்பக் கோவிலுக்குப் போனதும் அவர்களில் ஒருத்தியின் மகள் புதுநன்மைக்காகத்தான், முதல் நற்கருணை வாங்குகிற நாள் அது, அவள் கூப்பிட்டாள் என்பதற்காக. அபக்கூக்கு ஆகமத்தின் கடைசியில் வருகிறதே, அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் என்று, அதை அன்று வாசித்தார்கள். எனக்கென்றே வாசித்த மாதிரி இருந்தது. தொழுவம் காலிதான். அதற்காக நடிக்க வேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கோலிவாடா சகோதரி, பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்து, வெளியே தெரியாமல் அரிசி பருப்பு, பள்ளிக் கட்டணம் என்று உதவுவார்கள். நீங்கள் வேறு சபை என்று நினைத்துத் தயங்க வேண்டாம். நான் பேசி வைக்கிறேன், தனிச்செய்தியில் சொல்லுங்கள்.


#9 நெல்லைத்_திண்ணை
புதன், காலை 8:05

மாஹிம் சகோதரி எழுதியதற்குக் கீழே எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் அம்மா உலை வைக்கும்போது களைந்து போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போடுவார்கள். கைப்பிடி அரிசி. வார முடிவில் அதைப் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். நாங்களே கஷ்டப்பட்ட நாளிலும் அது நின்றதில்லை. சின்னப் பையனாக இருந்தபோது அது மிஷனுக்குப் போகிறது என்று மட்டும் நினைத்திருந்தேன். அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் ஒரு சாயங்காலம் சங்கத்துச் சித்தி ஒருத்தி முந்தானையில் மறைத்து எங்கள் வீட்டுக்கு ஒரு பை அரிசி கொண்டுவந்தாள். பல வீட்டு அரிசி கலந்திருந்தது, புழுங்கல், பச்சை, சிவப்பு எல்லாம். வேகும்போது ஒன்று குழையும், ஒன்று குழையாது. அம்மா அந்தச் சோற்றைப் பரிமாறிக்கொண்டே அழுதார்கள்.

நான் நேற்று எழுதின கடைசி வரிக்கு இதுதான் என் பதில். முல்லருக்கு வந்த பணமும் யாரோ ஒருவர் வீட்டு உலையிலிருந்து எடுத்த பிடிதானே. தங்கச்சி, நீங்கள் எத்தனை வருஷமாகச் சந்தா கொடுத்திருப்பீர்கள், எத்தனை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சபைக்காக ஒரு முட்டையை 200 ரூபாய்க்கு எடுத்திருப்பீர்கள். அந்தப் பானையில் உங்கள் பிடியும் இருக்கிறது.


#10 குர்லா_லோக்கல்
புதன், காலை 9:30

மாஹிம் அக்கா, ராத்திரி முழுக்க நீங்கள் எழுதியதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னியுங்கள். 2019-ல் நான் அந்த 2,000 ரூபாயைப் போட்ட வாரம் என் அறை நண்பன்தான் எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். இண்டர்வியூவுக்குத் தன் ஷூவைக் கொடுத்தவனும் அவன்தான். இத்தனை வருஷம் சாட்சி சொல்லும்போது ஒரு தடவைகூட அவன் பெயரைச் சொன்னதில்லை. அவன் கிறிஸ்தவன் இல்லை என்பதால் சாட்சியில் எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. கோலிவாடா அக்கா, கம்மல் பற்றி நான் சொன்னதை விட்டுவிடுங்கள். தம்பி எட்டாவது என்றால் கணக்கும் சயின்ஸும் நான் சொல்லிக் கொடுக்கிறேன், ஞாயிறு மத்தியானம் சயான் வர எனக்குக் கஷ்டமே இல்லை.


#11 கோலிவாடா_வீடு
வியாழன், இரவு 11:15

எல்லாவற்றையும் அவருக்கும் வாசித்துக் காட்டினேன். டப்பா பற்றி நான் எழுதியிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது, அந்த இடம் வந்தபோது எழுந்து வெளியே போய் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். கோபமாக இருப்பார் என்று பயந்தேன். வந்து உட்கார்ந்து, மாவ்ஷி கதையை இன்னொரு தடவை வாசி என்றார்.

நேற்று சாயங்காலம் பெண்கள் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியில் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். கடைசியில் கதவைத் தட்டி, உட்காருவதற்கு முன்னாலேயே, அவருக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது அக்கா என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. என்னை உள்ளே அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டுபோய் டீ போட்டார்கள். லாக்டவுன் சமயத்தில் நாங்கள் நாலு மாதம் வாடகை கொடுக்கவில்லை, ஒருத்தருக்கும் தெரியாது, நீதான் முதல் ஆள் என்றார்கள். இரண்டு பேரும் அழுதோம். இன்றைக்கு 10 கிலோ அரிசியும் எண்ணெயும் வந்தது, மகன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். கிரானா கணக்குக்குச் சங்கத்திலிருந்து என்ன செய்யலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பேசுவதாகச் சொன்னார்கள். மகள் கம்மல் அவள் காதிலேயே இருக்கிறது.

ஜெபக் குழு அக்காவிடமும் சொன்னேன். அவர்கள் முகம் சுருங்கியது. நான் சொன்னதால் நீ இவ்வளவு நாள் தனியாக இருந்தாயா என்று கேட்டார்கள், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, இல்லை அக்கா என்றேன்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஜனவரி ரூம் விஷயம் அப்படியேதான் இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை. யூனிட்டில் 16 பேர் இருந்தார்கள், பழைய சம்பளச் சீட்டு மூன்று கிடைத்திருக்கிறது. அவர் முதலாளிக்குப் போன் பண்ணினார், கிறிஸ்துமஸ் முடியட்டும் பார்க்கலாம் என்றாராம். எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தானே தம்பி சொன்னதைச் சொன்னேன். இங்கிலீஷில் எழுதத் தயங்குகிறார்.


#12 தானே_கணக்கு
வெள்ளி, காலை 7:40

அக்கா, 16 பேர் என்றால் சட்டம் பொருந்தும். இங்கிலீஷ் கவலை வேண்டாம், கடிதத்தை நான் இன்றே எழுதி அனுப்புகிறேன், பெயர், வேலைக்குச் சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளம் மட்டும் தனிச்செய்தியில் போடுங்கள். இரண்டு பிரதி, ஒன்றில் முதலாளியின் கையெழுத்து வாங்க வேண்டும், வாங்க மறுத்தால் ரிஜிஸ்டர் தபால். மற்ற 15 பேரையும் கூட்டச் சொல்லுங்கள், அவர்களுக்கும்தான் சேர வேண்டியது.


#13 தொண்ணூறடி_ரோடு
வெள்ளி, காலை 8:20

தங்கச்சி, மாப்பிள்ளை தனியாக முதலாளியிடம் போக வேண்டாம், நானும் வருகிறேன். எனக்கு 70 வயசு தாண்டிவிட்டது, வயசானவன் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள். திங்கட்கிழமை 10 மணிக்கு சயான் ஸ்டேஷன் கிழக்குப் பக்கம் டிக்கெட் கவுண்டர் முன்னால் நிற்கிறேன். சாப்பாடு கட்ட வேண்டாம், என் வீட்டுக்காரி பாக்ரியும் பூண்டுச் சட்னியும் தருகிறாள்.


#14 கோலிவாடா_வீடு
வெள்ளி, காலை 9:05

சரி அண்ணாச்சி. சொல்லிவிட்டேன், வருவார். இன்றைக்குக் காலையில் வேலை தேடிப் போகும்போது டப்பாவை எடுக்கவில்லை. பக்கத்து ரூம் அம்மா, என்ன இன்றைக்கு வேலைக்கு லீவா என்று கேட்டார்களாம். இல்லை அம்மா, வேலை போய் மூன்று மாதமாகிறது, எங்கேயாவது கட்டிங் மாஸ்டர் கேட்டால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.